பேட்டரியைக் குடித்தது யார்?

2023 ஐப்பசி மாதம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். கும்மிடிப்பூண்டியில் விடாத மழை. என் சின்னவனுக்கு அப்போது ஏழு வயது. மழைக்காலம் வந்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரைக் கொடுத்தும் அன்றைக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வருவது கண்ணுக்கே தெரிந்தது. என் கணவருக்கு சிப்காட்டில் நைட் ஷிப்டு. மூத்தவளையும் அத்தையையும் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்து, சாவியைத் திருகினேன்.

'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். முன்னால் எரிந்த சின்ன விளக்குகளும் மங்கி அணைந்து போயின.

என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. மூத்தவள்தான், "அம்மா, 108-க்குப் போன் போடு" என்று கத்தினாள். தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய அந்த வண்டி எத்தனை வயிற்றில் பால் வார்த்திருக்கிறதோ, அன்று என் வயிற்றிலும் வார்த்தது. வண்டியிலேயே ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். விடிவதற்குள் பிள்ளை எனக்கு இட்லி வேண்டும் என்று கேட்டான். குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது காரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், முதல் போன் 108-க்கு. இதை அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.

காலையில் ஷிப்டு முடிந்து வந்தவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்துச் சொன்ன வார்த்தை, "நீதான் உள் லைட்டை அணைக்காம விட்டிருப்பே!"

"இல்லைங்க, நான் பார்த்துட்டுத்தான் இறங்கினேன்."

"அப்போ கதவைச் சரியா சாத்தியிருக்க மாட்டே. பேட்டரி தானா எப்படி இறங்கும்?"

ராத்திரி முழுக்கக் கண் விழித்தவளுக்கு இந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட மோசம் என்னவென்றால், நானே பாதி நம்பிவிட்டேன். ஒருவேளை நான்தான் விட்டுவிட்டேனோ என்று.

பேட்டரிக் கடைப் பையன் வந்து பார்த்தான். "மூணு வருஷம் ஆச்சு அக்கா, அவ்வளவுதான் இதோட ஆயுசு" என்றான். புது பேட்டரி 4,800 ரூபாய். பழையதைக் கொடுத்ததற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டான். சரி, தீர்ந்தது என்று நினைத்தோம். பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் அதே 'டிக்... டிக்...'. புத்தம் புது பேட்டரி! இந்தத் தடவை என்மேல் பழி போடவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே நிறுத்திப் பூட்டிய கார். நான் தொடவே இல்லை.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து அம்பாசடருக்கு முன்னால் ஓட்டை இருக்கும். பேட்டரி படுத்தால் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றுவார்கள். உலகம் முழுக்க முதலில் பெட்ரோல் காருக்கெல்லாம் கைதான் ஸ்டார்ட்டர். சுழற்றும்போது ஹேண்டில் திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். கார் கம்பெனி வைத்திருந்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே பெட்ரோல் காரை விட்டுவிட்டு மின்சாரக் கார் ஓட்டினவர்தான். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் பெண்கள் யார் தயவும் இல்லாமல் பெட்ரோல் காரைக் கிளப்புவது சுலபமானது. இப்போதைய கார்களில் ஹேண்டிலும் இல்லை. பேட்டரி போனால் எல்லாம் போச்சு.

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் எனக்கு வழி காட்டியது. முன்பு ஒரு முறை மாடித் தொட்டி ராத்திரியோடு ராத்திரியாகக் காலியாகிக்கொண்டிருந்தது. தொட்டியில் விரிசல் என்று சொல்லிப் புதுத் தொட்டி வாங்கச் சொன்னார்கள். நான் விடவில்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஒரு ராத்திரிக்கு ஒரு வால்வாக அடைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டது: பின்பக்கக் கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

பேட்டரியும் ஒரு தொட்டிதானே? யாரோ ராத்திரியில் குடிக்கிறார்கள். அது யார்?

முதலில் கணக்கு. எங்களுடையது சின்னக் கார். பேட்டரியின் மேல் 35 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது. ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும், அரை ஆம்பியர் எடுத்தால் 70 மணி நேரம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். முன் விளக்கு இரண்டையும் எரியவிட்டால் ஒன்பது, பத்து ஆம்பியர் போகும். மூன்றரை மணி நேரத்தில் தொட்டி காலி. உள்ளே எரியும் 10 வாட் பல்பு ஒரு ராத்திரிக்குப் பத்து ஆம்பியர்-மணி சாப்பிடும்.

பூட்டி நிறுத்திய காரும் சும்மா இருப்பதில்லை. கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பூட்டு, சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் எல்லாம் துளித்துளியாகக் குடிக்கும். அது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் இயல்பு. ஐம்பது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36. அதாவது ஒரு பழுதும் இல்லாத காரே ஒரு மாதம் அசையாமல் நின்றால் படுத்துவிடலாம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து வாரக்கணக்கில் கார்கள் தெருவிலேயே நின்றன அல்லவா? திறந்துவிட்டதும் வீட்டுக்கு வீடு பேட்டரி செத்துக் கிடந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒரு ராத்திரியிலோ இரண்டு நாளிலோ இறங்குகிறது என்றால் அது துளி இல்லை. எங்கேயோ குழாய் திறந்திருக்கிறது.

மீட்டர் இல்லாதவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்தபின், ராத்திரி மைனஸ் ஒயரை மட்டும் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஜோராகக் கிளம்பினால் பேட்டரி நல்லது, குடிக்கிறவன் காருக்குள் இருக்கிறான். அப்போதும் கிளம்பாவிட்டால் பேட்டரியே தன்னால் இறங்குகிறது, மாற்ற வேண்டியதுதான். ஒயரைக் கழற்றினால் கடிகாரம், ரேடியோ செட்டிங் எல்லாம் அழியும், அது போகட்டும். சாவியை மட்டும் காருக்குள் வைத்துவிடாதீர்கள்.

பானெட்டைத் திறக்கும் முன்பு வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது நிஜம். ஆனால் தங்க வளையல் பிளஸ் முனையையும் காரின் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் ஒரு கணத்தில் பழுக்கக் காய்ந்து கையோடு ஒட்டிவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த முறை.

நாங்கள் செய்தது மீட்டர் வைத்து. 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பயந்துகொண்டேதான். என் மூத்தவள் பிளஸ் டூ. "அம்மா, கரண்டை அளக்கணும்னா மீட்டரைத் தொடர் இணைப்புல வைக்கணும்" என்று பிசிக்ஸ் பாடத்தை எடுத்துவிட்டாள். தண்ணீர் மீட்டரைக் குழாய்க்கு நடுவில் பொருத்துகிற மாதிரிதான். சார்ஜ் செய்த பேட்டரியில் மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்தோம். மீட்டரின் சிவப்பு ஒயரை '10 ஆம்பியர்' என்று போட்ட துளையில் செருக வேண்டும். மீட்டர் இருக்கும்போது யாரும் சாவியைத் திருகக் கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் அதோடு சரி.

முதலில் ஒன்றரை ஆம்பியர் காட்டியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தோம். பார்த்தால், ஃப்யூஸ் பெட்டியைப் பார்க்கத் திறந்து வைத்த கதவால் உள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது! கதவு திறந்தேதான் இருக்க வேண்டும், ஆனால் சாத்தியதாகக் கார் நினைக்க வேண்டும். அதற்கு ஒரு உபாயம்: கதவு ஓரத்தில் இருக்கும் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூட்டிவிட்டால் விளக்கு அணைந்துவிடும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு உடையும்.

பிறகு காத்திருந்தோம். இந்தக் காலத்துக் கார் பூட்டியவுடன் தூங்காது. எல்லோரும் படுத்த பிறகும் எங்கள் அத்தை ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார், அந்த மாதிரி. அரைமணி, முக்கால் மணி ஆகும். ரிமோட் சாவியையும் வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட வேண்டும். நான் போய் சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டு வந்தேன். மீட்டரில் 0.62 ஆம்பியர். அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

0.62! வெள்ளி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து திங்கள் காலை ஆறு மணிவரை அறுபது மணி நேரம். பெருக்கினால் 37. எங்கள் பேட்டரி 35. திங்கட்கிழமை கார் ஏன் கிளம்பவில்லை என்பது ஒரே வரிக் கணக்கில் வந்துவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு திருவள்ளூரில் அம்மா வீட்டுக்குப் போய் வந்தோம். அந்த நீண்ட ஓட்டத்தில் பேட்டரி நிரம்பிவிட்டதால்தான் அந்த வாரம் தப்பித்தது.

இனி வால்வு அடைக்கிற வேலை. ஃப்யூஸ் பெட்டியை முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டோம், எது எங்கே இருந்தது என்று குழம்பாமல் இருக்க. மூடியின் உள்பக்கம் எந்த ஃப்யூஸ் எதற்கு என்று படம் போட்டிருக்கும். ஒவ்வொன்றாக உருவி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகினோம். ஹாரன்: 0.62. பவர் விண்டோ: 0.62. உள் விளக்கு: 0.61. ஆறாவதாக 'ஆடியோ' என்று போட்டதை உருவினாள் என் மகள்.

"அம்மா! 0.03!"

குடித்தவன் அகப்பட்டான். ஆடித் தள்ளுபடியில் ஒரு கடையில் மாட்டிய பெரிய திரை வைத்த ஸ்டீரியோ! பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு இவர் ஆசையாக மாட்டியது. திரை என்னவோ இருண்டுவிடும். ஆனால் உள்ளே அது தூங்கவே இல்லை. இப்படிப்பட்ட பெட்டிக்கு இரண்டு மின் ஒயர் உண்டு. ஒன்று, ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொள்ள எப்போதும் துளி கரண்டு கொடுப்பது. இன்னொன்று, சாவி போட்டால்தான் உயிர் வருவது. மாட்டினவர் இரண்டையும் எப்போதும் கரண்டு இருக்கும் இடத்திலேயே முறுக்கிவிட்டிருந்தார். ஆடியில் மாட்டியது ஐப்பசிவரை ஏன் தெரியவில்லை? இவர் தினம் தொலைவாக ஓட்டிக்கொண்டிருந்தார். மழை பிடித்ததும் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தார். காருக்கு மிஞ்சியது இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டம்தான். அதிலும் வைப்பர், முன் விளக்கு. செலவு பெரிது, வரவு சிறிது.

கவரைப்பேட்டைப் பக்கம் ஜி.என்.டி. ரோட்டோரத்தில் இருக்கும் எலெக்ட்ரிஷியன் தம்பி பத்தே நிமிஷத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்தார். 150 ரூபாய். "அக்கா, ஃப்யூஸ் வரைக்கும் நீங்களே பார்த்துட்டு வந்துட்டீங்க, எனக்கு அரைநாள் வேலை மிச்சம்" என்றார். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார், அதோடு நான் விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் குற்றவாளி வேறாக இருக்கலாம். டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடுங்கள், படத்தில் தெரிந்துவிடும். முன்னால் இருக்கும் சின்ன அறை, கண்ணாடி வைத்த வெயில் மறைப்பு, இவற்றின் விளக்குக்கும் இதே வழிதான். நிறுத்தின பிறகும் படம் பிடிக்கும் கேமரா, எடுக்காமல் விட்ட மொபைல் சார்ஜர், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி, எலி கடித்த ஒயர், ஒட்டிக்கொண்டு விடாத ரிலே என்று எதுவும் இருக்கலாம். எந்த ஃப்யூஸை உருவினாலும் மீட்டர் இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டரில் டயோடு கசியக்கூடும். அது நம் வேலையில்லை, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கார் ஓட்டாமல் நான்கைந்து மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது பதினான்கு ஒட்டி வந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். பேட்டரியைக் காலியாகவே வைத்திருக்கக் கூடாது. தோசை மாவுப் பாத்திரத்தை உடனே அலம்பினால் சுலபம், இரண்டு நாள் காயவிட்டால் கல்லாய் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? காலியான பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் அப்படித்தான் ஒரு உப்பு இறுகிப் போகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் வராது. நம் பக்கத்து வெயில் வேறு பேட்டரிக்கு எமன். நிழலில் நிறுத்துவது பெயிண்டுக்காக மட்டும் இல்லை.

இரும்பு ஆலைத் தூசி படிகிற எங்கள் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பேட்டரியின் மேல் படிந்த அழுக்கில் ஈரமும் ஆசிட் ஆவியும் சேர்ந்தால் அதன் வழியாகவே கொஞ்சம் கரண்டு கசியும். மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரியின் மூடித் துளைக்குள் சோடாத் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். காய்ந்த பின் கொஞ்சம் வாஸ்லின் தடவலாம். பழைய நூல் புடவையோடு செய்யுங்கள். ஆசிட் பட்டது அப்போது தெரியாது. அடுத்த துவையலில் சல்லடையாகும். கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் அலம்புங்கள். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள்.

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போது: சிவப்பு, முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்லதின் பிளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியில் வைக்காமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பழைய பேட்டரியைக் கொல்லையில் போட்டு வைக்கும் வழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உடைந்து கசிந்தால் அந்த மண் கையில் படும், விளையாடுகிற பிள்ளை வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற பொருள் ஈயம். இவ்வளவு உடம்பில் போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நாலு காசு கூடத் தருகிறான் என்று, அடுப்பு மூட்டி உருக்குகிறவர்கள் கைக்குப் போகிற மாதிரி விற்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன.

இந்த வருடம் கோடை விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போனபோது மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனோம். வந்து மாட்டினதும் ஒரே திருகில் கிளம்பியது. சமையலறை நாட்காட்டியில் மாதா மாதம் பால் கணக்குக்குப் பக்கத்தில் பேட்டரி வோல்ட்டையும் குறிக்கிறேன். எதிர் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு மீட்டரை இரவல் வாங்கிப் போனார். அவர் காரில் டிக்கி விளக்காம். மீட்டர் இன்னும் திரும்பி வரவில்லை.